டேங்க்குக்கு எத்தனை மில்லி? குறுவை நேரடி விதைப்பில் களைக்கொல்லி

இந்தக் குறுவையில் ஆறு மா நேரடி விதைப்பு நெல்லுக்குக் களை எடுத்த கூலி 3,600 ரூபாயோடு நின்றது. போன குறுவையில் இதே நிலத்துக்குக் களைக்கொல்லியும் அடித்துவிட்டு, அதற்கு மேல் 14,000 ரூபாய் கூலியும் கொடுத்தேன். அப்போது அடித்த பிஸ்பைரிபாக் சோடியத்தைத்தான் இந்த ஆண்டும் அடித்தேன். பாட்டில் அதே பாட்டில், கடையும் அதே கடை. அந்த மருந்தைப் பொறுத்தவரை தண்ணீர் மட்டம், நாசில் (தெளிப்பானின் முனை), டேங்க்கில் ஊற்றிய அளவு ஆகிய மூன்றும்தான் மாறின. செய்ததை வரிசையாகக் கீழே எழுதுகிறேன். ஓரிடத்தில் மருந்து கைவிட்டது, அதையும் சேர்த்தே.

நிலம் மன்னார்குடிப் பக்கம், களிமண். மேட்டூர் தண்ணீர் வருவதற்கு முன்பே ஆழ்துளைக் கிணற்றை நம்பி விதைப்பது வழக்கம். ரகம் ஆடுதுறை 43. ஏக்கருக்கு 25 கிலோ விதை, உருளை விதைப்பானில் 20 சென்டிமீட்டர் வரிசை. ஊர் வெளியே இருப்பவர்களுக்காக: மூன்று மா ஓர் ஏக்கர்.

முதல் வேலை மருந்துக் கடையில் இல்லை, வயலில்தான். சேற்றுழவு முடிந்து பரம்பு அடித்தபின் தண்ணீரை வைத்து, ஒரு மூங்கில் குச்சியில் சென்டிமீட்டர் கோடு போட்டு, வயலைக் குறுக்கும் நெடுக்குமாக நடந்து ஆழம் பார்த்தேன். கண்ணுக்குத் தட்டையாகத் தெரிந்த நிலத்தில் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் 9 சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தது. மோட்டார் கொட்டகைப் பக்கம் மேடு, வடிகால் ஓரம் பள்ளம். போன ஆண்டு எங்கெல்லாம் புல் மண்டியதோ, அதெல்லாம் குச்சி குறைவாக நனைந்த இடங்கள். மறுபடி பரம்பு அடித்து 6 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தேன். அதற்குமேல் டிராக்டர்காரர் பொறுமை இழந்துவிட்டார், நானும்தான்.

இந்த 9 சென்டிமீட்டரைப் பற்றி இவ்வளவு பேசக் காரணம் இருக்கிறது. விதைத்த மூன்றாம் நான்காம் நாளில் போடும் பிரெடிலாகுளோர் என்ற களைக்கொல்லி, மண்ணின் மேற்பரப்பில் மெல்லிய படலமாக நின்று, அதைத் துளைத்து வரும் களை முளையைப் பிடிக்கிறது. படலம் பரவ மெல்லிய தண்ணீர் வேண்டும். மேட்டில் சேறு காய்ந்து வெடித்தால் படலமும் வெடிக்கும், வெடிப்பு வழியாகப் புல் வரும். பள்ளத்தில் தண்ணீர் முளையை மூடி நின்றால் நெல்லே திணறும். ஆக ஒரே நாளில் ஒரே கை போட்ட மருந்து, ஒரே வயலில் ஓரிடத்தில் பலிக்காமலும், ஓரிடத்தில் சரியாகவும், ஓரிடத்தில் பயிரையே வாட்டியும் போகும்.

அடுத்தது பாட்டில். பிரெடிலாகுளோர் இரண்டு வகையாகக் கிடைக்கிறது. 50 சதவீத ஈ.சி. (தண்ணீரில் பால்போலக் கலக்கும் திரவம்) நடவு வயலுக்கு. 30.7 சதவீத ஈ.சி.யில் பென்குளோரிம் என்ற பாதுகாப்பான் சேர்ந்திருக்கும். நேரடி விதைப்புக்கு உரியது இதுதான். போன ஆண்டு கடையில் முதல் வகையைக் கொடுத்து, "இது பவர் அதிகம்" என்றார்கள். பவர் அதிகம்தான்: இரண்டு மா அளவுக்கு நெல் முளை சுருண்டு, இலை விரியாமல் குட்டையாகவே நின்றது. நடவுப் பயிருக்கு வேர் ஆழத்தில் இருக்கும், தண்டும் முதிர்ந்திருக்கும், தாங்கிக்கொள்ளும். மூன்று நாள் முளைக்கு அந்தச் சலுகை கிடையாது.

பாதுகாப்பான் களையை ஒன்றும் செய்வதில்லை. நெல் முளைக்குள் மருந்தைச் சிதைக்கிற நொதிகளைக் கூட்டிவிடுகிறது, அவ்வளவே. ஆனால் அது வேர் வழியாகத்தான் உள்ளே போகும். அதனால் விதை முளைகட்டியதாக இருந்தே தீரவேண்டும். 24 மணி நேரம் ஊறவைத்து, 24 மணி நேரம் சாக்கில் மூட்டம் போட்டு, வெள்ளை முளை எட்டிப் பார்த்ததும் விதைத்தேன். இன்னும் நீளவிட்டால் உருளையின் துளையில் சிக்கிக்கொள்ளும்.

அளவு ஏக்கருக்கு 600 மில்லி. 20 கிலோ காய்ந்த மணலில் கலந்து, மாவுக்கு 200 மில்லி மருந்து சேர்ந்த மணல் என்று முன்பே பிரித்துக் குவித்துவிட்டேன். மொத்தமாகக் கலந்து ஒரு மூலையிலிருந்து வீசத் தொடங்கினால், முதல் பாதியில் கை தாராளமாகவும் கடைசியில் கஞ்சமாகவும் போகும். நான்காம் நாள் காலை, மண் மறையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் வைத்து வீசினோம். இரண்டு நாள் தண்ணீரை வடிக்கவும் இல்லை, புதிதாக விடவும் இல்லை. வயலில் யாரையும் இறங்கவிடவில்லை. கால்தடம் பட்ட இடமெல்லாம் படலம் கிழிந்த இடம்.

மோட்டார் கொட்டகை ஓரம் ஒரு சென்ட் அளவு மணல் வீசாமல் விட்டுவைத்தேன். இதை யாருக்கும் பரிந்துரைக்கலாம். அந்த ஒரு சென்ட் இல்லாவிட்டால், மருந்து வேலை செய்ததா, அந்த ஆண்டு களையே குறைவா என்று சொல்ல வழியில்லை. பன்னிரண்டாம் நாள் அங்கே பச்சைப் பாய் விரித்ததுபோல் களை. பக்கத்தில் சேறு தெரிந்தது. மேட்டில் மட்டும் வெடிப்பு ஓரமாகப் புல் வரிசை கட்டியிருந்தது.

இப்போது தெளிப்பான். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

எங்கள் ஊரில் மருந்து அடிக்கும் கூலி டேங்க் கணக்கு. 16 லிட்டர் பேட்டரி தெளிப்பானில் ஒரு டேங்க்குக்கு 60 ரூபாய். நிலத்துக்காரர் டேங்க்கைக் குறைக்கப் பார்ப்பார். கடைக்காரர் டேங்க்குக்குப் பத்து மில்லி என்று சொல்லி மூடியைக் காட்டுவார். இந்த இரண்டு கணக்கும் சந்திக்கும் இடத்தில்தான் புல் தப்பிக்கிறது. பிஸ்பைரிபாக் சோடியம் 10 சதவீத எஸ்.சி. என்ற திரவ வடிவத்துக்கு லேபிளில் இருப்பது ஏக்கருக்கு 80 முதல் 100 மில்லி. டேங்க்குக்கு எவ்வளவு என்று அதில் எங்கும் இல்லை, இருக்கவும் முடியாது. ஒரு டேங்க் எத்தனை சென்ட் பரவும் என்பது நாசிலையும் நடையையும் பொறுத்தது. போன ஆண்டு ஏக்கரை ஐந்து டேங்க்கில் முடித்திருந்தோம். ஐந்து பத்து ஐம்பது. ஆக, பாதி மருந்து. அதுவும் 80 லிட்டர் தண்ணீரில், குழிக்கூம்பு நாசிலில்.

பூச்சிமருந்துக்கு அந்த நாசில் நல்லது. புகை மாதிரி மெல்லிய துளி, இலையின் அடியிலும் சுற்றும். களைக்கொல்லிக்கு அது ஆகாது. காற்றில் ஓடிவிடும், விழும் இடத்திலும் வளையமாக விழுந்து நடுவில் மெலிந்துபோகும். இதை நம்பாதவர்கள் காய்ந்த சிமென்ட் தரையில் வெறும் தண்ணீரை அடித்துவிட்டு, அது காய்வதைப் பார்க்கட்டும். எந்த இடம் முதலில் காய்கிறதோ அங்கே மருந்து குறைவு. விசிறி நாசில் மாட்டியபின் கீற்று முழுக்க ஏறக்குறைய ஒன்றாகக் காய்ந்தது. விலை 120 ரூபாய். வீட்டில் இருந்த பழைய விசிறி நாசிலையும் சோதித்தேன். வாய் தேய்ந்து ஒரு பக்கம் கோடு போல ஒழுகியது. குப்பையில் போட்டாகிவிட்டது.

அளந்த முறை இது. இரண்டரை சென்ட், அதாவது ஏறக்குறைய 100 சதுர மீட்டர், சேற்று வயலிலேயே கயிறு கட்டினேன். வரப்பில் நடந்து பார்ப்பது வீண், சேற்றில் நடை வேறு. டேங்க்கில் கோடு வரை தண்ணீர் ஊற்றி, மருந்து இல்லாமல், நாசிலைப் பயிருக்கு அரை மீட்டர் மேலே பிடித்து, வழக்கமாக அடிப்பவரையே அடிக்கச் சொன்னேன். முடித்ததும் மறுபடி அதே கோடு வரை நிரப்ப எவ்வளவு ஊற்றவேண்டியிருக்கிறது என்று அளந்தேன். முதலில் 2 லிட்டர் சொச்சம். "என்ன அண்ணே, பின்னால் நாய் துரத்துகிறதா?" என்று கேட்டு, கொஞ்சம் நிதானமாக நடக்கச் சொன்னதும் 3 லிட்டர். ஏக்கருக்கு 120 லிட்டர் என்பது இந்த மருந்துக்குச் சரியான அளவு. 16 லிட்டரால் வகுத்தால் ஏழரை டேங்க். 100 மில்லியை ஏழரையால் வகுத்தால் டேங்க்குக்கு 13 மில்லிக்கு மேல் கொஞ்சம். மூடியைத் தூக்கிப்போட்டுவிட்டு, மருந்துக்கடையில் 20 மில்லி சிரிஞ்சு வாங்கினேன். ஊசி இல்லாமல், இந்த வேலைக்கு மட்டும், கையுறை போட்டுக்கொண்டு.

பேட்டரியையும் சோதித்தது நல்லதாயிற்று. முழுச் சார்ஜில் நிமிடத்துக்கு 800 மில்லி வந்த நாசிலில், சிவப்பு விளக்கு எரியத் தொடங்கியதும் 650 மில்லிதான் வந்தது. கடைசி டேங்க்குகள் அடித்த பக்கம் எப்போதும் களை மிஞ்சும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. மண்ணின் மேல் பழி போடுவார்கள்.

பத்தொன்பதாம் நாள் அடிக்கத் தேதி குறித்தேன். குதிரைவாலிப் புல் மூன்று நான்கு இலையில் இருந்தது. நெல்லும் அந்தப் புல்லும் அந்த வயதில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். இலை தண்டோடு சேரும் இடத்தைப் பிரித்துப் பார்த்தால் நெல்லுக்கு நாக்கு போன்ற மெல்லிய சவ்வு உண்டு, குதிரைவாலிக்கு அது கிடையாது. மருந்துக்கும் இரண்டும் ஒன்றுதான், இரண்டு இலைக்குள்ளும் போகிறது. வளர்ச்சிக்குத் தேவையான சில அமினோ அமிலங்களைத் தயாரிக்கும் ஒரு நொதியை அடைக்கிறது. நெல் மருந்தைச் சீக்கிரம் சிதைத்துவிடுகிறது, புல்லால் அந்த வேகத்தில் முடிவதில்லை. இந்த வேக வித்தியாசத்தைத்தான் காசு கொடுத்து வாங்குகிறோம். வாடிய பயிரிலும், ஐந்தாறு இலை விட்டுத் தூர் கட்டிய புல்லிலும் இந்த வித்தியாசம் சுருங்கிவிடும். ஒன்றில் நெல் அடிவாங்கும், மற்றதில் புல் தப்பிக்கும்.

முந்தின நாள் மாலையே தண்ணீரை வடித்தேன். இந்த மருந்து இலை வழியாக உள்ளே போவது. தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் புல்லுக்கு மருந்து சேராது. ஆனி மாதக் காற்று எட்டரை மணிக்கு மேல் சும்மா இருக்காது. பனி காய்ந்ததும் ஆறரைக்கு மேல் தொடங்கி, எட்டரைக்குள் முடியும் மட்டும் அடித்துவிட்டு, மீதியை மறுநாள் காலைக்கு வைத்தேன். அடித்தபின் ஆறு மணி நேரம் மழை இல்லாமல் இருக்கவேண்டும். வானம் ஒத்துழைத்தது.

காற்றைப் பற்றி இவ்வளவு கவலைப்பட இன்னொரு காரணம், கிழக்கு வரப்புக்கு அந்தப் பக்கம் கோடைப் பருத்தி இன்னும் வெடித்துக்கொண்டிருந்தது. அகன்ற இலைக் களைக்கும் கோரைக்கும் 2,4-டி சோடியம் உப்பு மலிவு, அதை வாங்கும்படி சொன்னவர்கள் பலர். நெல்லில் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் பருத்தி அதன் ஜென்ம விரோதி. காற்றில் போகிற துளி போதும், இலை விரலாக நீண்டு சுருங்கிவிடும். பக்கத்து வயலில் அப்படி ஆனால் பஞ்சாயத்து என் திண்ணையில்தான் நடக்கும். அந்த மருந்து அடித்த டேங்க்கைச் சும்மா அலசிவிட்டுப் பருத்திக்குப் பூச்சிமருந்து அடித்துப் பருத்தி கருகிய கதையும் இங்கே உண்டு. என் தெளிப்பானைக் களைக்கொல்லிக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டேன். ஒவ்வொரு முறையும் சலவைச் சோடா கரைத்த தண்ணீரை உள்ளே விட்டு, குழாய் நாசில் வழியாகவும் ஓடவிட்டு, பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு முறை.

அடித்து இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் கட்டினேன். இதில் தாமதித்தால் அடுத்த கூட்டம் முளைத்துவிடும். மேட்டுப் பகுதிக்குத் தண்ணீர் ஏறும்வரை மோட்டாரை ஓட்டினேன், ஆனால் அங்கே மறுநாளே மண் தெரிந்தது. இந்த வரியை நினைவில் வையுங்கள், பின்னால் வருகிறது.

பிறகு காத்திருக்கவேண்டும். அது லேசான வேலை இல்லை. நான்காம் நாள் நெல் லேசாக மஞ்சளித்தது, புல் பச்சையாகவே நின்றது. வருகிறவர் போகிறவர் எல்லாரும் வரப்பில் நின்று தலையை ஆட்டினார்கள். கடையில் இன்னொரு தரம் அடிக்கச் சொன்னார்கள். புல்லைப் பிடுங்கிக் குருத்தை உருவிப் பார்த்தேன். குருத்து வளர்ச்சி நின்று, அடியில் நிறம் மாறியிருந்தது. மேலே பச்சை இருந்தாலும் உள்ளே கதை முடிந்திருந்தது. இந்த வகை மருந்தில் களை முழுக்கக் காய இரண்டு மூன்று வாரம் ஆகும். நெல்லின் மஞ்சள் பத்து நாளில் தெளிந்தது. பிஸ்பைரிபாக் அடித்த வயலில் அந்த வாரம் யூரியாவும் போடாமல், வேறு மருந்தும் கலக்காமல் பொறுத்துக்கொண்டேன்.

குதிரைவாலி ஒழிந்தது. வட்டக் கோரை, கரிசலாங்கண்ணி எல்லாம் கருகின. ஆரைக்கீரை அங்கங்கே மிஞ்சியது. மேட்டில் மட்டும் புல் தழைத்துக்கொண்டே இருந்தது. முதலில் டேங்க் விட்டுப்போன இடமோ என்று நினைத்தேன். உட்கார்ந்து பார்த்தால் வேறு புல்: இலை குறுகல், நிறம் வெளிர், தண்டு மெலிவு. கதிர் விடும்போது செம்பழுப்பாக, நூல் நூலாக விரியும். ஊரில் அதற்கு ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். தாவரப் பெயர் லெப்டோகுளோவா சைனென்சிஸ். பிஸ்பைரிபாக் இதை ஏறக்குறையத் தொடுவதே இல்லை. 100 மில்லிக்குப் பதில் 200 ஊற்றினாலும் நெல்தான் மஞ்சளிக்கும். நிற்கும் தண்ணீருக்குள் இது முளைப்பதும் அரிது. மண் தெரிகிற மேடுதான் இதற்குத் தொட்டில். குதிரைவாலி ஒழிந்து இடம் காலியானதும் இதற்குக் கொண்டாட்டம்.

இதற்கு சைஹாலோபாப் பியூட்டைல் 10 சதவீத ஈ.சி. உண்டு. புல் இனத்தை மட்டும் கொல்லும், கோரையையும் அகன்ற இலையையும் விட்டுவிடும், நெல்லுக்குப் பாதகமில்லை. ஏக்கருக்கு 300 மில்லி, அதாவது என் கணக்கில் டேங்க்குக்கு 40 மில்லி. மேட்டுப் பகுதி 40 சென்ட்தான், மூன்று டேங்க் போதுமானது. மிஞ்சிய ஆரைக்கீரைக்கு 2,4-டியையும் இதே டேங்க்கில் கலந்து ஒரே நடையில் முடித்துவிடலாமே என்ற யோசனையும் வந்தது, பருத்தியும் அப்போது முடிந்திருந்தது. ஆனால் இந்த இரண்டும் ஒரு டேங்க்கில் ஒத்துப்போகாது. 2,4-டி சேர்ந்தால் சைஹாலோபாப்பின் வேகம் குறைந்து புல் பிழைத்துக்கொள்ளும். தனியாகவே அடித்தேன்.

அடித்தபோது பயிர் வயது 28 நாள். தாமதம். நான்கு இலைக்குள் இருந்த புல் பத்து நாளில் சிவந்து காய்ந்தது. தூர் கட்டியிருந்த பெரிய குத்துகள் கொஞ்சம் மஞ்சளித்துவிட்டு மறுபடி எழுந்தன. அவற்றுக்கும் ஆரைக்கீரைக்கும்தான் அந்த 3,600 ரூபாய். களை எடுக்க வந்த அக்கா ஒருவர், "கதிர் விடுவதற்கு முன்னால் பிடுங்கினால்தான் உண்டு, விதை கொட்டிவிட்டால் அடுத்த வருடம் ஆறு மாவும் இதுதான்" என்று சொல்லிக்கொண்டே, பிடுங்கியதை வரப்பில் போடாமல் சாக்கில் கட்டி வெளியே கொண்டுபோனார். நான் சொல்லாமலே செய்தது அது.

செலவு, ஆறு மாவுக்கும் சேர்த்து: பாதுகாப்பான் சேர்ந்த பிரெடிலாகுளோர் 1,300 ரூபாய், பிஸ்பைரிபாக் 1,150, சைஹாலோபாப் 400, நாசில், சிரிஞ்சு, அளவுக் குடுவை எல்லாம் 300. தெளிப்புக் கூலி 18 டேங்க்குக்கு 1,080, மணல் வீசிய ஆளுக்கு 500. களை எடுப்பு 3,600. மொத்தம் 8,330. போன ஆண்டு மருந்து 1,800, தெளிப்பு வகையறா 1,100, களை எடுப்பு 14,000, ஆக 16,900. அந்த 1,800 ரூபாய் மருந்து மலிவாகத் தெரிந்தது.

அடுத்த குறுவைக்கு மாற்றவேண்டியவை என்று நோட்டில் எழுதிவைத்திருப்பது: லேசர் சமன் கருவியைக் கோடையில், நிலம் காய்ந்திருக்கும்போதே வாடகைக்கு எடுக்கவேண்டும். அதற்காகும் பணத்தை இந்த ஆண்டு மிச்சத்திலிருந்து ஒதுக்கிவிட்டேன். அது அமையாவிட்டால் மோட்டார் கொட்டகைப் பக்கம் குறுக்கே ஒரு சிறு வரப்பு போட்டு மேட்டைத் தனிப் பாத்தியாக்கி, அதற்குத் தனி மடை வைக்கவேண்டும். புல்லை இனம் பார்க்கும் வேலையைப் பதினைந்தாம் நாளே செய்யவேண்டும், மருந்து வாங்குவதற்கு முன்னால். மேட்டுக்கு மட்டும் பதினெட்டாம் நாள் சைஹாலோபாப், மற்ற இடத்துக்கு பிஸ்பைரிபாக் என்று பிரித்து அடிக்கலாம். பெனாக்சுலாம் என்ற இன்னொரு களைக்கொல்லியும் சைஹாலோபாப்பும் சேர்ந்து ஒரே பாட்டிலில் வருகிற கலவையும் இருக்கிறது. ஒரு மாவில் அதைச் சோதிக்க எண்ணம்.

பிஸ்பைரிபாக்கையே குறுவைக்கும், அதற்குப் பின் வரும் தாளடிக்கும் ஆண்டுதோறும் அடிப்பதிலும் எனக்குத் தயக்கம் வந்துவிட்டது. ஹரியானா, பஞ்சாப் கோதுமை வயல்களில் ஐசோபுரோட்யூரான் என்ற களைக்கொல்லியை ஆண்டுக்கணக்கில் விடாமல் அடித்து, 1990களின் தொடக்கத்தில் பலாரிஸ் மைனர் என்ற புல் அதற்கு அசையாமல் நின்றது. பாதி அளவில் அடிப்பதும் புல்லுக்குப் பயிற்சி கொடுப்பதுதான். தாளடி நடவு வயல் என்பதால் அங்கே பிரெடிலாகுளோர் 50 சதவீதமும், நாற்பது நாளுக்குள் கோனோவீடரும் (வரிசைக்கு நடுவே தள்ளும் களையெடுப்புக் கருவி) போதும் என்று இருக்கிறேன். கோனோவீடர் ஓட்ட நடவு சதுரமாக இருக்கவேண்டும். நடவு ஆட்களிடம் கயிறு பிடிக்கச் சொல்லிப் பேசியிருக்கிறேன், கூலி இன்னும் முடிவாகவில்லை.